லோகனின் கேமரா வேலை செய்யவில்லை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து சண்டை போடக் கூடாது. இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து எடுத்தது. கிள்ளானில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர், அதுவும் சும்மா பேருக்குச் சுவர். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடினால் இன்றைக்கு என்ன சட்னி என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் சந்திரகலா. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை. வேலைக்கு நடுவே ஞாயிறு பத்திரிகைக்குக் கதை எழுதுகிறேன். (கதைக்கு நடுவே வேலை செய்கிறேன் என்பது வக்கீலின் கட்சி.) பக்கத்து வீட்டு லோகனும் நானும் காலையில் ஒரே கொமுட்டர் ரயிலில் போவோம். நான் கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடுவேன். அவன் அங்கிருந்து ரயில் மாறி பங்சார் போவான். அங்கே ஒரு கம்பெனியின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பது அவன் வேலை.

ஒரு நாள் ரயிலில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே அவன் சொன்னான்:

"அக்கா, நித்யாகிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். இப்ப அதை எப்படித் திரும்ப எடுக்கிறதுன்னு தெரியல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கதை எழுதுகிறவளிடம் வந்து இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

நித்யா யார், பொய் என்ன, எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்குமுன் எனக்கு ஒரு தொடக்கம் அமைய வேண்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"கோவில் வாசலில் இரண்டு புதுக் கார்கள் பூசைக்கு நின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மல்லிகைச் சரம் சாத்தப்பட்டு, ஒரு லெப்டாப்

இங்கே நிறுத்திவிட்டேன். இப்படி எழுதினால் சாமியை வைத்து நக்கல் அடிக்கிறாள் என்பார்கள். ஆனால் நடந்தது அதுதான், நான் என்ன செய்ய? லோகன் வாங்கிய லெப்டாப் கடையிலேயே இருந்ததில் உயர்ந்த ரகம். விலையைக் கேட்டதும் அவன் அம்மா நல்லம்மாள் ஆன்டிக்கு மூச்சே நின்றுவிட்டது. மூச்சு திரும்பியதும் எடுத்த முதல் முடிவு: "கார் விலைக்கு வாங்கியிருக்கான். கார் மாதிரியே பூசையும் போட்டுடுவோம்."

குருக்கள் பழக்க தோஷத்தில், "வண்டி நம்பர்?" என்று கேட்டார்.

"டேய், நம்பர் கேக்கறாருடா" என்றார் ஆன்டி.

லோகன் அவமானத்தில் கறுத்துப்போய், லெப்டாப்பைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்த வரிசை எண்ணை வாசித்தான். அதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து கிடந்தன. குருக்கள் அசரவில்லை. அத்தனையையும் ஒன்றுவிடாமல் மந்திரத்துக்கு நடுவே சொல்லி அர்ச்சனை செய்தார். எலுமிச்சம்பழம் வைக்க டயர் தேடினார், கிடைக்காததால் நான்கு மூலையிலும் வைத்தார். மூடியின் மேல் சந்தனம், குங்குமம். தீபாராதனையும் உண்டு.*

* இந்த இடத்தில் பத்திரிகை ஆசிரியர் "லெப்டாப்" என்பதை "மடிக்கணினி" என்று மாற்றுவார். மாற்றட்டும். நல்லம்மாள் ஆன்டி மடிக்கணினிக்குப் பூசை போடவில்லை, லெப்டாப்புக்குத்தான் போட்டார்.

நல்ல தொடக்கம்தான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கதையில் பின்னால் கேமரா வேலை செய்யாது என்று வருகிறது, நீங்கள் சந்தனம் உள்ளே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பாவம், குருக்கள் மேல் பழி போடாதீர்கள். காரணம் லினக்ஸ்.

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

"லினக்ஸ் என்பது

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே படிக்கமாட்டேன். நல்லம்மாள் ஆன்டி எனக்கு விளக்கியதையே தருகிறேன்: "புது வீடு வாங்கறான் கலா. வாங்கின அன்னிக்கே உள்ள இருக்கிற சுவரெல்லாம் இடிச்சுத் தள்றான். அப்புறம் இவனே திரும்பக் கட்றான். ஏன்டான்னு கேட்டா, இதுதான்மா சுதந்திரம்ங்கறான்." கணினியோடு வருகிற விண்டோஸைத் துடைத்துவிட்டு, உலகம் முழுக்க முகம் தெரியாதவர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகத் தருகிற லினக்ஸைப் போடுவது. அவ்வளவுதான். லோகனுக்கு அது வேண்டுதல் மாதிரி. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்காத வருடம் உண்டு, லினக்ஸ் இல்லாத நாள் கிடையாது.

ஆனால் புது லெப்டாப் ரொம்பப் புதுசு. அதன் கேமராவோடு எப்படிப் பேசுவது என்று லினக்ஸ்காரர்கள் இன்னும் எழுதி முடிக்கவில்லை. திரை பளிச்சென்று வந்தது. சத்தம் வந்தது. விரல் வைத்தால் திறந்தது. கேமராவைத் தட்டினால் மட்டும் கறுப்புச் சதுரம்.

3

இனி பாத்திரம்.

லோகனுக்கு வயது முப்பத்தெட்டு. தலையில் முடி

[அக்கா, இந்த வாக்கியத்த இங்கேயே நிறுத்திடுங்க. நல்லா இருக்கு. —லோ.]

இது என்ன என்று கேட்பீர்கள். என் பழைய கணினியிலும் லோகன் லினக்ஸைப் போட்டு வைத்திருக்கிறான். என் தமிழ் எழுத்து உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாகப் போகும்போது அவன்தான் தன் வீட்டில் இருந்தபடியே உள்ளே நுழைந்து சரிசெய்வான். எழுத்தைச் சரிசெய்ய வந்தவன் கதையைக் கண்டுபிடித்துவிட்டான். கோபப்படுவான் என்று பார்த்தால், திருத்தம் போடுகிறான்.

வாக்கியத்தை முடிக்கிறேன்: தலையில் முடி இல்லை. ஓரமாகக் கொஞ்சம் இருந்ததை அவனே வழித்துவிட்டான். வயிறு சட்டைக்கு முன்னால் போகும். சிரித்தால் கண் காணாமல் போகும். எனக்குத் தெரிந்த ஆண்களில் உருப்படியானவர்களை எண்ணினால் இவன் பெயர் முன்னால் வரும். ஆனால் வரன் பார்க்கிறவர்கள் என்னிடமா வந்து கேட்கிறார்கள்?

[வயிறு கொஞ்சம் ஓவர்லா அக்கா. —லோ.]

நேரில் வந்து பார்த்த வீடுகளெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லின. கோப்பி குடித்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், காரில் ஏறியதும் "ஜாதகம் ஒத்து வரல" என்று போன் வந்தது. அன்றைக்குக் காலைவரை அந்த ஜாதகம் ஒத்துத்தான் இருந்தது. அதனால் இந்த முறை நல்லம்மாள் ஆன்டி ஒரு காரியம் செய்தார். லோகனின் தங்கச்சி கல்யாணத்தில் எடுத்த பழைய படத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் லோகன் கோட்டு போட்டிருக்கிறான், ஒல்லியாக இருக்கிறான், நெற்றியில் ஒரு சுருள் முடி வேறு விழுந்து கிடக்கிறது.

4

நித்யா என் அலுவலகத்தில் எதிர் மேசையில் இருக்கும் கோமதியின் அண்ணன் மகள். சிரம்பான் பெண். அயர்லாந்தில், டப்ளினில் ஒரு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவே நானும் கோமதியும் இந்தச் சம்பந்தப் பேச்சை ஆரம்பித்தோம். படத்தை அனுப்பியது நான்தான். ஆன்டி கொடுத்தார், அனுப்பினேன்.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால் நம்பும்படி இல்லை. ஒரு பெண், அதுவும் அயர்லாந்தில் சொந்தக் காலில் நிற்கிற பெண், முதல் பேச்சிலேயே ஒரு ஆண் லினக்ஸ் லினக்ஸ் என்று மூச்சு விடாமல் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, போனை வைக்காமல் இருப்பாளா? ஆனால் இருந்தாள். கேட்டது மட்டுமில்லை, வம்பும் இழுத்தாள்.

"எல்லாம் ஓடும்னு சொன்னீங்க. கேமரா ஓடலையா?"

"அது சின்ன வேலைதான். கொஞ்ச நாள்ல ஓட வச்சிடுவேன்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. போன்ல மூஞ்சி காட்டாதீங்க. புதுப் படமும் அனுப்பாதீங்க. அந்த லெப்டாப்புலயே காட்டுங்க. முடியலன்னா ஒத்துக்கிட்டு விண்டோஸ் போடுங்க. பெட்?"

"பெட்."

ஏன் போனிலேயே பார்த்துப் பேசக்கூடாது என்று அப்போதிருந்து கேட்டுக்கொண்டிருந்த வாசகருக்கு இதுதான் பதில். பந்தயம். ஞாயிறு மாலை இங்கே, அவளுக்கு அது பகல், இருவரும் பேசுவார்கள். அவள் முகம் அவன் திரையில் தெரியும். அவன் அவளுக்கு ஒரு கறுப்புச் சதுரமும் ஒரு குரலும்.

அந்தக் குரல் நன்றாகப் பேசியது. கோப்பியும் கேசரியும் இல்லாமல், யாரும் தன் தலையைப் பார்க்காமல், லோகன் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பெண்ணிடம் சாதாரணமாகப் பேசினான். அப்பா போனதைச் சொன்னான். அவள் அங்கே குளிரில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவதைச் சொன்னாள். ரயிலில் என்னிடம், "அக்கா, எனக்கு இவங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. இது மட்டும் போயிடக் கூடாது" என்றான். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கவலைப்படவில்லை.

5

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டில் ஒரு அலறல். அடுப்புக்கு வைத்திருக்கும் கேஸ் தோம்புதான் வெடித்துவிட்டது என்று செருப்பு போடாமல் ஓடினேன். சமையலறை மேசையில் லெப்டாப். முன்னால் லோகன் குதித்துக்கொண்டிருக்கிறான்.

"வந்துடுச்சுக்கா! கேமரா வந்துடுச்சு! யாரும் பண்ணலக்கா, நானே எழுதி ஓட வச்சேன்!"

திரையில் அவன் முகம். நல்லம்மாள் ஆன்டி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, திரையில் தன்னையும் கண்டு முந்தானையைச் சரிசெய்தார். நான் கைதட்டினேன். லோகன் சிரித்தபடியே திரையை இன்னொரு தடவை பார்த்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தினான். அவ்வளவு நேரம் அது சரிசெய்ய வேண்டிய கேமராவாக இருந்தது. இப்போது அதற்குள் அவன் இருந்தான்.

மறுநாள் நித்யா வழக்கம்போல் கேட்டாள்: "கேமரா வந்துச்சா?"

"இல்லங்க. இன்னும் வரல. புது வெர்ஷன் வரணும்."

இதுதான் அந்தப் பொய். ஒரு நிமிடம் கதையை நிறுத்திவிட்டு இந்தப் பொய்யைப் பாராட்ட அனுமதியுங்கள். நான் வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், பொய்யில் எனக்கு நல்ல பரிச்சயம். லினக்ஸில் கேமரா வேலை செய்யவில்லை என்பதை உலகத்தில் எந்த நீதிமன்றமும் சாட்சி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அவள் கேட்டாள், அவன் "இன்னும் வரல" என்றான், அவள் நம்பினாள்.

மாற்று முடிவுகள், உங்கள் பார்வைக்கு:

(அ) லோகன் மஸ்ஜித் இந்தியா கடைவீதிப் பக்கம் போய் ஒரு விக் வாங்குகிறான்.

[வேணாம்க்கா. ஒண்ணு போட்டுப் பார்த்தேன். அம்மா சிரிச்சு தரையில உக்காந்துட்டாங்க. —லோ.]

(ஆ) நித்யாவும் எதையோ மறைக்கிறாள் என்று தெரிகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. சினிமாக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு வேண்டாம்.

(இ) லெப்டாப் நிஜமாகவே கெட்டுவிடுகிறது, லோகன்

பூசை போட்ட லெப்டாப். கெடாது.

6

இந்தப் பகுதியை என் போனில் எழுதுகிறேன், அதுவும் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் தேநீர்க்கடையில். கணினியில் லோகன் படிக்கிற பிரதியில் ஆறு இல்லை. ஐந்துக்குப் பிறகு நேராக ஏழு. பத்திரிகைக்கு அனுப்பும்போது இதை நடுவே செருகிவிடுவேன். ஆகவே இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்.

இன்று நித்யா எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, கோமதி அத்தைகிட்ட நம்பர் வாங்கினேன். ஒரு விஷயம். அவர் கேமரா வேலை செய்யுது, தெரியுமா உங்களுக்கு?"

தொண்டையில் தேநீர் வேறு வழியில் போனது. இருமுவதுபோல் நேரம் எடுத்துக்கொண்டேன்.

"இருமாதீங்க. உங்களுக்குத் தெரியும்."

"உனக்கு எப்படிம்மா...?"

"பாவம் இவ்வளவு கஷ்டப்படறாரே, நம்மளும் ஏதாவது உதவி பண்ணலாம்னு அந்த லெப்டாப் பேரப் போட்டு நெட்ல தேடினேன். லினக்ஸ்காரங்க பேசிக்கிற இடம் ஒண்ணு வந்துச்சு. முதல் ஆளா யாரு எழுதியிருக்கா தெரியுமா? லோகன், கிள்ளான். 'இந்த லெப்டாப்பில் கேமரா வேலை செய்கிறது, இப்படிச் செய்யுங்கள்'னு ஒவ்வொரு படியா எழுதி வச்சிருக்கார். அந்த சனிக்கிழமையே!"

அடப்பாவி. எனக்குப் புரிந்துவிட்டது. இந்த லினக்ஸ் ஜாதியே அப்படித்தான். ஒன்றைச் சரிசெய்துவிட்டால் அவர்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. தனக்குத் தெரிந்ததை ஊருக்குச் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. பெண்ணிடம் பொய் சொல்லிவிட்டு, உலகத்துக்கு உண்மையைப் பந்தி போட்டிருக்கிறான்.

"கேமரா ஓடுதுன்னு சாட்சிக்குப் படம் வேற போட்டிருக்கார்க்கா. அதே கேமராவுல எடுத்தது. ரெண்டு கையும் மேல தூக்கிக்கிட்டு, வாய் காது வரைக்கும் சிரிப்பு. பின்னால ஒரு ஆன்டி கரண்டியோட முந்தானைய இழுத்து விட்டுக்கறாங்க."

"தலை...?" என்றேன் மெதுவாக.

"ம். பளபளன்னு தெரியுது." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "தலை எனக்கு ஒரு விஷயமே இல்லக்கா. அந்தப் படத்துல எவ்வளவு சந்தோசமா இருக்கார் தெரியுமா? கீழ பிரேசில்ல யாரோ ஒருத்தர் எனக்கு வரலைன்னு எழுதியிருக்கார். அவருக்குத் திரும்பத் திரும்ப, கொஞ்சம்கூட எரிச்சல் இல்லாம சொல்லிக் குடுத்திருக்கார். முன்ன பின்ன தெரியாத ஆளு. அதப் படிச்சிட்டுத்தான் நான் முடிவே பண்ணினேன், இவர்தான்னு. ஆனா அத எழுதின மறுநாளே என்கிட்ட மட்டும் இன்னும் வரலன்னிருக்கார். பிரேசில்காரருக்கு உண்மை, எனக்குப் பொய்யா?"

"பயம்மா அவனுக்கு. வேற ஒண்ணுமில்ல."

"தெரியும். அதனாலதான் ஒவ்வொரு வாரமும் கேட்டுக் கேட்டு வழி விட்டுப் பார்க்கறேன். நீங்க சொல்லிடாதீங்கக்கா. நீங்க சொல்லி அவர் கேமராவப் போட்டா, எனக்கு அது வேணாம். அவரா போடணும். இந்த ஞாயித்துக்கிழமை கடைசியா கேப்பேன். அன்னிக்கும் வரலைன்னார்னா, விட்டுடறேன். சத்தியமா சொல்லுங்க, சொல்ல மாட்டேன்னு."

சத்தியம் செய்தேன். செய்து முடித்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. அந்தப் பிள்ளை கண்ணுக்கு எதிரே இத்தனை பெரிய அதிர்ஷ்டம் வந்து நிற்கிறது, அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடைக்காரரிடம் சண்டை போட்டேன்.

7

[ஐந்துக்கு அப்புறம் ஏழு வருது. ஆறு எங்கக்கா? —லோ.]

உன் லினக்ஸுக்கு எண்ணத் தெரியவில்லை, போய்ப் பார்.

[அப்படி வர வாய்ப்பில்லையே. சரி, பார்க்கறேன். —லோ.]

நிஜமாகவே பார்த்தான். மத்தியானம் முழுக்கப் பார்த்தான். அப்படிப்பட்ட பிள்ளை.

இன்று ஞாயிறு. லோகன் லெப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மா எதிரில் பேசக் கூச்சமாக இருக்கிறதாம். என் சாப்பாட்டு மேசையில் அவன் ஒரு பக்கம், என் பழைய கணினியோடு நான் ஒரு பக்கம். நான் தட்டுவது அவன் திரையில் அப்படியே தெரிகிறது. நித்யா கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. புதுச் சட்டை போட்டிருக்கிறான். கேமராவில் தெரியாத ஆளுக்குப் புதுச் சட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"அக்கா," என்றான், "கதையில கடைசியில அவன் என்ன பண்றான்?"

"எவன்?"

"நான்தான்க்கா. கேமராவப் போடறேனா, இல்லையா?"

"இன்னும் எழுதல."

"எழுதுங்க. நீங்க என்ன எழுதறீங்களோ அதையே நான் பண்ணிடறேன். சத்தியமா. என்னால முடிவு பண்ண முடியலக்கா. போட்டா ஜாதகம் ஒத்து வரலன்னுடுவாங்க. போடலைன்னா நான் இப்படியே ஒவ்வொரு வாரமும் பொய் சொல்லணும். எனக்கே என்னைப் பார்த்தா அசிங்கமா இருக்கு. நீங்க எழுதினா போதும், யோசிக்காம செஞ்சிடுவேன்."

இத்தனை வருடம் எழுதுகிறேன், எந்தப் பாத்திரமும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. என் பாத்திரங்கள் நான் சொன்னதைக் கேட்பதே இல்லை என்பதுதான் என் புகார். இன்று ஒருவன் எதிரில் உட்கார்ந்து, சொல்லுங்கள், கேட்கிறேன் என்கிறான்.

லோகன் கேமராவை

மாட்டேன்.

"ஏன்க்கா நிறுத்திட்டீங்க? இன்னும் ஒரு வார்த்தைதானே?"

"ஆமாம். ஒரு வார்த்தைதான்."

"எழுதுங்களேன்."

"எழுத மாட்டேன்டா. கேட்காத."

"கோவமா?"

கோபமில்லை. உன்மேல் எனக்கு என்ன கோபம்? எனக்கு அழுகைதான் வருகிறது, அதைத் தட்டிக்கொண்டே மறைக்கிறேன். நீ என் தம்பி மாதிரி. உனக்கு ஒரு முடிவு எழுதிக் கொடுக்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? நல்ல முடிவாகவே எழுதுவேன். ஆனால் அது என் முடிவாகிவிடும், அங்கே இருப்பவளுக்கு என் முடிவை வைத்துக்கொண்டு என்ன வேலை? அவள் பார்க்கவேண்டியது உன்னை.

இதையெல்லாம் அவன் படித்துக்கொண்டிருக்கிறான். உதடு அசைகிறது. பக்கத்தைக் கீழே தள்ளுகிறான். இன்னும் கீழே தள்ளுகிறான். அடுத்த வரியில் தான் என்ன செய்கிறோம் என்று தேடுகிறான்.

லெப்டாப்பில் மணி அடிக்கிறது. நித்யா.

லோகன், கீழே தேடாதே. இதற்கு அப்புறம் நான் ஒன்றும் எழுதவில்லை. எடு.